மின்னூலகம்: வீட்டிலா, மேகத்திலா?

நூல்களைச் சேர்ப்பது எளிது. சேர்த்தவற்றைக் காப்பதுதான் கடினம். வீட்டில் நான்கு அலமாரி நூல் வைத்திருப்பவர் யாவரும் இதை அறிவர். கறையான் அரிக்கும், மழைக்கால ஈரத்தில் பூஞ்சை படரும், இரவல் வாங்கிச் சென்றவர் திருப்பித் தர மறந்துவிடுவார். இன்று அந்த நூல்களே மின்னூல்களாகிச் செல்பேசிக்குள்ளும் கணிப்பொறிக்குள்ளும் புகுந்துவிட்டன. அங்கே கறையானுக்கு வேலை இல்லை. ஆயினும் மின்னூலுக்கும் பகைவர்கள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாமல் வருகின்றன. வந்தால் ஓரிரு பக்கங்களை அல்ல, முழு நூலகத்தையும் ஒரே நாளில் கொண்டுபோகின்றன.

மின்னூல்களை வைத்துக்கொள்ள இரண்டு வழிகள் உள்ளன. நம் வீட்டுக் கணிப்பொறியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ வைத்துக்கொள்வது ஒன்று. 'கிளவுட்' என்றும் 'மேகம்' என்றும் சொல்லப்படும் இடத்தில் வைத்து, வேண்டும்போது இணையத்தின் வழியே எடுத்துப் படிப்பது மற்றொன்று. இவற்றுள் எது நல்லது? சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் இக்கேள்விக்குத் தனிப் பொருத்தம் உண்டு. மேகம் கட்டடமாகத் தரையில் நிற்கும் இடங்களுள் அம்பத்தூர் ஒன்று. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகும் தெருக்களும் இதே வட்டாரத்தில் உள்ளன. ஆகவே இரண்டு வழிகளின் பலத்தையும் பலவீனத்தையும் இங்கிருந்தே ஆராயலாம்.

ஒரு நூலின் எடை

முதலில் ஒரு மின்னூல் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று கணக்கிடுவோம். கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. அவற்றை அளக்கும் அலகு பைட். ஒருங்குறி என்னும் யூனிகோடு முறையில், இணையத்தில் பெருவழக்காக உள்ள யுடிஎஃப்-8 வடிவில், ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'கொ' என்னும் எழுத்தில் ககரம் ஒரு குறி, ஒகரக் குறியீடு மற்றொன்று. ஆக 6 பைட்.

300 பக்க நாவல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 200 சொற்கள் என்றால் மொத்தம் 60,000 சொற்கள். சொல்லுக்கு 9 தமிழ்க் குறிகள் என்று கொண்டால் சொல்லுக்கு 27 பைட்; நாவல் முழுவதற்கும் சுமார் 16 லட்சம் பைட். அதாவது 1.6 மெகாபைட். 'இபப்' வடிவ மின்னூல் இதைச் சுருக்கிக் கட்டி வைப்பதால் கோப்பு கால் பங்காகக் குறைந்து, 0.4 மெகாபைட் அளவில் அடங்கிவிடும்.

வாரத்துக்கு ஒரு நூல் வீதம் 60 ஆண்டுகள் படித்தாலும் ஒருவர் படித்து முடிப்பது 3,120 நூல்கள்தாம். அவை அனைத்தும் சேர்ந்து 1.3 கிகாபைட்டைக்கூட எட்டா. கடையில் கிடைக்கும் 32 கிகாபைட் பென் டிரைவில் ஒரு மூலையே அதற்குப் போதும். பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்த பி.டி.எஃப் கோப்புகள் இவற்றைவிடப் பெரியவை. பக்கத்துக்கு 100 முதல் 200 கிலோபைட் என்றால் 300 பக்க நூல் ஒன்று 30 முதல் 60 மெகாபைட் இருக்கும். அத்தகைய நூல்கள் ஆயிரம் இருந்தாலும் 60 கிகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மின்னூலைப் பொறுத்தவரை இடம் ஒரு பிரச்சினையே அன்று. வைத்த நூல் இருபது ஆண்டு கழித்தும் வைத்தபடியே இருக்குமா என்பதே கேள்வி.

மேகம் தரையில்தான் இருக்கிறது

மேகம் என்ற சொல் அழகானது. ஆனால் சற்று ஏமாற்றக்கூடியது. வானில் ஏதும் மிதக்கவில்லை. நாம் மேகத்தில் வைக்கும் கோப்பு, ஏதோ ஓர் ஊரில் உள்ள தரவு மையம் என்னும் கட்டடத்தில், இரும்புச் சட்டங்களில் அடுக்கிய கணிப்பொறிகளுள் சிலவற்றில் எழுதப்படுகிறது.

ஒரு காலத்தில் மிதிவண்டிக்கும் டயருக்கும் பேர்போன அம்பத்தூரில் இப்போது அத்தகைய கட்டடங்கள் எழுந்துள்ளன. ஜப்பானின் என்.டி.டி நிறுவனம் 2023இல் இங்கே ஒரு தரவு மைய வளாகத்தைத் திறந்தது. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்சியன் நிறுவனம் முதற்கட்டமாக 20 மெகாவாட் திறனுள்ள மையத்தைத் திறந்தது. தரவு மையத்தின் அளவை மின்சாரத்தைக் கொண்டு குறிப்பிடுவது வழக்கம். மாதம் 180 யூனிட் செலவிடும் ஒரு வீடு சராசரியாகக் கால் கிலோவாட் மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில், முழு அளவில் இயங்கும்போது 20 மெகாவாட் என்பது 80,000 வீடுகளின் மின்செலவுக்குச் சமம்.

இவ்வளவு மின்சாரம் எதற்கு? கணிப்பொறிகள் இரவுபகலாக இயங்க வேண்டும். இயங்குவதால் எழும் வெப்பத்தைக் குளிரூட்டிகள் வெளியேற்ற வேண்டும். மின்வாரியத்தின் மின்சாரம் நின்றால் அந்த நொடியே மின்கலங்கள் பொறுப்பேற்கும். சில நொடிகளில் டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கும். நம் வீட்டில் இன்வெர்ட்டர் செய்யும் வேலையைத்தான் இவை பேரளவில் செய்கின்றன.

இதைவிட முக்கியமானது படியெடுப்பு. பெரிய மேகச் சேவைகளில் ஒரு கோப்பு ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதில்லை. அதன் படிகளோ, படியைத் திரும்பக் கட்டிக்கொள்ளத் தேவையான துண்டுகளோ பல டிஸ்க்குகளில், பல நேரம் பல கட்டடங்களில் பரப்பி வைக்கப்படுகின்றன. ஒரு டிஸ்க் பழுதானால் மற்றவற்றிலிருந்து புதிய படி தானாகவே உருவாகிறது. நம் நூலின் படி அம்பத்தூரில் இருக்கலாம், மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம். நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

அமேசான் நிறுவனத்தின் 'எஸ்3' என்னும் சேமிப்புச் சேவை, ஒரு பொருள் ஓராண்டில் அழியாதிருக்கும் வாய்ப்பு 99.999999999 விழுக்காடு இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று அந்நிறுவனம் கூறுகிறது. மொத்தம் பதினொரு ஒன்பதுகள்! வீட்டு அலமாரியில் கிடக்கும் பென் டிரைவ் இதன் அருகில்கூட நிற்க முடியாது.

ஆனால் இந்தப் பதினொரு ஒன்பதுகள் எதை எண்ணுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அவை பழுதாகும் டிஸ்க்குகளை எண்ணுகின்றன. மறந்துபோன கடவுச்சொல்லையும், கட்டத் தவறிய சந்தாவையும், மூடப்பட்ட கடையையும் அவை எண்ணுவதில்லை.

மேகம் கலையும் விதங்கள்

மேகத்தில் வைத்த நூல் மூன்று விதங்களில் நம்மைவிட்டுப் போகலாம்.

முதலாவது, கட்டடத்துக்கு நேரும் விபத்து. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது. மறு படியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பற்றின. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளை வைத்திருந்த 'ஜி-டிரைவ்' என்னும் மேகச் சேமிப்பில் 858 டெராபைட் தரவு எரிந்துபோயிற்று. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வேறிடத்தில் மறு படி வைக்கப்படவில்லை. மேகம் என்ற பெயர் இருந்தும், அங்கே உண்மையில் இருந்தது ஒரே ஒரு கட்டடம்.

இரண்டாவது, உரிமை பற்றியது. மின்னூல் கடையில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்துகிறோம், பணமும் கட்டுகிறோம். ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களின்படி நாம் பெறுவது நூலை அன்று, அதைப் படிக்கும் அனுமதியை மட்டுமே. 2009 ஜூலையில் இது உலகுக்கு விளங்கிற்று. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களின் மின்பதிப்பை உரிமையில்லாத ஒருவர் அமேசான் கடையில் விற்றிருந்தார். அதை அறிந்த நிறுவனம், வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தபடியே அந்நூல்களை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. பாடத்துக்காக நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு மாணவரின் உழைப்பும் பயனற்றுப் போயிற்று. அவர் வழக்குத் தொடுத்தார்; நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோது, அதில் வாங்கிய நூல்கள் யாவும் ஜூலை மாதத்தோடு திறக்க முடியாதவை ஆயின. பணம் திரும்ப வந்தது, நூல்கள் வரவில்லை. 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணிப்பொறியில் இறக்கி யு.எஸ்.பி கம்பி வழியே கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்திவிட்டது.

மூன்றாவது, கணக்கு பற்றியது. மேகத்தின் வாயிற்கதவு நம் கணக்கு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை அவற்றில் உள்ள கோப்புகளோடு நீக்கும் விதியைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வாழ்நாள் சேகரிப்பை மேகத்தில் வைத்துவிட்டுக் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் வீட்டில் யாருக்கும் தெரியாது. மர அலமாரியாக இருந்தால் மகனோ பேத்தியோ என்றாவது ஒருநாள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். மேகத்திலோ இரண்டு ஆண்டு மௌனமே நூலகத்தைக் கலைத்துவிடப் போதுமானது.

வீட்டு அலமாரியின் பகைவர்

அப்படியானால் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன? கணக்கும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். இணையம் இல்லாத இரவிலும் படிக்கலாம். உண்மைதான். ஆனால் வீட்டில் உள்ள கருவியின் இயல்பையும் அறிந்துகொள்ள வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. மனிதத் தலைமயிரின் தடிப்பு இதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. ஒரு சிறு அதிர்ச்சியில் முனை தகட்டைத் தொட்டால் எழுதியது அழியும். பென் டிரைவிலும் எஸ்.எஸ்.டி-யிலும் சுழலும் உறுப்புகள் இல்லை. அவை மிக நுண்ணிய சிறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைத்தே எண்களை நினைவில் கொள்கின்றன. பல ஆண்டுகள் மின்சாரம் காணாமல் பெட்டிக்குள் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பம் மிகுந்த இடத்தில் விரைவாகவே கசியும். 'பத்திரமாக' எடுத்து வைத்த பென் டிரைவ் பத்தாண்டு கழித்துத் திறக்காமற்போவது இதனால்தான்.

பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தான் இயக்கும் ஹார்ட் டிஸ்க்குகளுள் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கை வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் இது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை உள்ளது. நூற்றுக்கு இரண்டு என்றே கொள்வோம். சிறிய எண்போலத் தோன்றும். ஆனால் அதே வீதம் நீடித்தால் பத்து ஆண்டில் நூறு டிஸ்க்குகளுள் சுமார் 18 பழுதாகிவிடும்.

டிஸ்க் தானாகப் பழுதாவது ஒரு பக்கம் இருக்க, வெள்ளம் மற்றொரு பக்கம். 2015 டிசம்பரில் பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் நின்றது. ஆவடி, கொரட்டூர்ப் பகுதிகளிலும் நீர் சூழ்ந்தது. இத்தகைய நாளில் மேசையின் கீழ் உள்ள கணிப்பொறியும், அதன் அருகே இழுப்பறையில் உள்ள ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே நனையும்.

இரண்டு படிகளின் கணக்கு

இப்போது இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். ஒரு டிஸ்க் ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று என்றால், இரண்டு டிஸ்க்குகளும் அதே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு என்ன? நிகழ்தகவுக் கணக்கின்படி ஐம்பதை ஐம்பதால் பெருக்க வேண்டும்: 2,500இல் ஒன்று. மூன்று டிஸ்க்குகளும் பழுதாவது 1,25,000இல் ஒன்று. படி ஒன்று கூடும்தோறும் பாதுகாப்பு ஐம்பது மடங்கு பெருகுகிறது. மேகச் சேவைகளின் பதினொரு ஒன்பதுகளும் இத்தகைய பெருக்கலால் வந்தவையே.

ஆனால் இந்தப் பெருக்கலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று பழுதாவதற்கும் மற்றொன்று பழுதாவதற்கும் தொடர்பு இருத்தல் ஆகாது. ஒரு தெருவில் 50 வீடுகள், வீட்டுக்கு ஒரு டிஸ்க் என்று கொள்வோம். சாதாரண ஆண்டில் அவற்றுள் ஒன்று பழுதாகும். தெருவுக்குள் இடுப்பளவு வெள்ளம் வந்த ஆண்டிலோ, தரைத்தளத்தில் இருந்த அத்தனையும் பழுதாகும். ஒரே இழுப்பறையில் மூன்று படிகள் இருப்பது, வெள்ளத்தின் கணக்கில் ஒரே படிதான். ஸ்ட்ராஸ்பூரில் ஒரே வளாகத்தில் இரண்டு படி வைத்தவர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. ஒரே கணக்குக்குள் இரண்டு கோப்புறைகளில் வைத்தாலும் அப்படித்தான். கணக்கு மூடப்பட்டால் இரண்டும் போகும்.

ஆகவே, 'வீடா, மேகமா?' என்று கேட்பதைவிட, 'என் இரண்டு படிகளையும் ஒரே காரணம் அழிக்க முடியுமா?' என்று கேட்பதே அறிவியல் முறை. வீட்டுப் படியை நீரும் திருட்டும் அழிக்கலாம்; கடையின் முடிவு அதைத் தொடாது. மேகப் படியைக் கடவுச்சொல்லும் ஒப்பந்தமும் பறிக்கலாம். அம்பத்தூர் ஏரி நிரம்பி வழிவது அதைத் தொடாது. இரண்டின் பலவீனங்களும் வேறு வேறானவை. அதனால்தான் இரண்டும் சேர்ந்து வலுவாகின்றன.

கணிப்பொறித் துறையில் இதை 3-2-1 விதி என்பர். மூன்று படிகள், இரண்டு வேறு வகைக் கருவிகள், ஒன்று வேறு ஊரில்.

சுவடிகள் சொல்லும் பாடம்

படியெடுத்துக் காப்பது தமிழருக்குப் புதிய கலை அன்று. பனையோலைச் சுவடி சில நூற்றாண்டுகளே தாங்கும். ஓலை சிதைவதற்குள் புதிய ஓலையில் படியெடுப்பது வழக்கம். படி எடுக்கப்பட்ட நூல் பிழைத்தது, எடுக்கப்படாதது மறைந்தது. படியெடுத்தவர் செய்த பிழைகள் பாடபேதங்களாகப் பெருகின. உ. வே. சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பதிப்பித்ததால்தான் சங்க நூல்கள் பலவற்றின் திருந்திய வடிவம் நமக்குக் கிடைத்தது.

படி இல்லாமையின் இழப்பை யாழ்ப்பாணம் கண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படி இல்லாதவை மீண்டும் வரவே இல்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டி இணையத்தில் வைக்கும் 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது.

படியெடுத்ததன் பயனுக்குச் சான்று சென்னையின் மேற்குப் புறநகரிலேயே உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தம் வாழ்நாளில் நூல், இதழ், துண்டறிக்கை என்று சுமார் ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைத் திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருத்தியது. 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலில் அம்பத்தூரை அடுத்த முகப்பேரில் இயங்கி, பின்பு தரமணிக்கு மாறியது. உதிரும் தாள்கள் அங்கே மைக்ரோஃபிலிம் சுருள்களில் படியெடுக்கப்பட்டன. ஒரு தனிமனிதரின் வீட்டு நூலகம் அவருக்குப் பின்னும் வாழ்வது இப்படித்தான்.

ஒத்திசைவு வேறு, மறு படி வேறு

இங்கே ஒரு பொதுவான மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். கணிப்பொறியில் உள்ள கோப்புறையை மேகத்தோடு இணைத்துவிட்டால் மறு படி ஆயிற்று என்று பலர் எண்ணுகின்றனர். இது 'ஒத்திசைவு' எனப்படும் 'சிங்க்' முறை. இங்கே ஒரு நூலை நீக்கினால் அங்கேயும் நீங்கும். இங்கே ஒரு கோப்பு கெட்டால் கெட்ட கோப்பே அங்கும் போய்ச் சேரும். கண்ணாடியில் தெரியும் உருவம் மறு ஆள் ஆகாது. நீக்கியவற்றைச் சேவைகள் சில வாரங்கள் குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும்; அதற்குள் கவனிக்காவிட்டால் போயிற்று. மறு படி என்பது எடுத்தபின் தனியே நிற்க வேண்டும்.

எடுத்த படி மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று அறியவும் வழி உண்டு. ஒரு கோப்பில் உள்ள எண்கள் அனைத்தையும் குறிப்பிட்ட கணித முறையில் கலந்து ஒரு 'சரிபார்ப்பு எண்' பெறலாம். மளிகைப் பட்டியலின் கூட்டுத்தொகை போன்றது இது. ஆனால் மிகக் கூர்மையானது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். இரண்டு படிகளின் எண்ணும் ஒன்றே என்றால் பாடபேதம் இல்லை என்று துணியலாம். சாமிநாதையர் மாதக்கணக்கில் செய்த ஒப்பீட்டின் ஒரு பகுதியைக் கணிப்பொறி நொடியில் முடித்துவிடுகிறது.

பட்டியல் இல்லாத நூலகம்

காத்த நூலைத் தேடி எடுக்க முடியாவிட்டால் காத்தும் பயனில்லை. கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் உலகுக்கே உணர்த்தியது இதுதான். வீட்டு மின்னூலகத்துக்கும் பட்டியல் வேண்டும்.

இதற்குப் பெரிதும் பயன்படுவது 'காலிபர்' என்னும் மென்பொருள். இந்தியரான கோவித் கோயல் 2006இல் இதை எழுதத் தொடங்கினார். இதற்கு விலை இல்லை. மூலநிரலும் திறந்தே உள்ளது. நூல்களை ஆசிரியர்வாரியாகக் கோப்புறைகளில் அடுக்கி, தலைப்பு, ஆண்டு, பொருள் ஆகியவற்றைப் பட்டியலிடும். வேண்டிய வடிவத்துக்கு மாற்றியும் தரும். நூல்கள் சாதாரணக் கோப்புகளாகவே இருப்பதால், நாளை காலிபரே இல்லாமற்போனாலும் அவற்றைத் திறக்கலாம்.

தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, காலிபர் உள்ளே அமைக்கும் கோப்புறைகளின் பெயர் ரோமன் எழுத்தில் இருக்கும். அதைக் கண்டு திகைத்துக் கையால் பெயர் மாற்றினால் பட்டியல் குழம்பிவிடும். திரையில் தெரியும் தமிழ்ப் பெயரே போதும். இரண்டாவதாக, 'உ.வே.சா.', 'உ. வே. சாமிநாதையர்', 'சாமிநாத ஐயர்' என்று மூன்று விதமாக எழுதினால் கணிப்பொறி அவர்களை மூன்று ஆசிரியர்களாகக் கொள்ளும். ஒரே வடிவத்தை வரையறுத்துக்கொள்வது நலம். மூன்றாவதாக, எழுத்துருச் சிக்கல். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கிவருகிறது. அதன் தொடக்ககாலக் கோப்புகள் ஒருங்குறிக்கு முந்தைய குறிமுறைகளில் இருந்தன. பின்பு ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அக்காலத்தில் இறக்கி வைத்த கோப்பை இன்று திறந்தால் புரியாத குறிகளே தெரியும். கோப்பு கெடவில்லை, அதைப் படிக்கும் திறவுகோல்தான் வழக்கொழிந்தது. ஆகவே சேமிப்பது மட்டும் போதாது, காலத்துக்கேற்ற வடிவத்துக்கு மாற்றியும் வர வேண்டும்.

எதை எங்கே வைப்பது?

நம்மிடம் உள்ள நூல்கள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற பொது இடங்களில் கிடைப்பவை. இவற்றுக்கு ஒரு படி போதும். போனாலும் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.

2. கடையில் விலைக்கு வாங்கியவை. பூட்டில்லாத வடிவில் விற்கப்படும் நூலை வாங்கிய அன்றே வீட்டிலும் ஒரு படி இறக்கிக்கொள்க. பூட்டுள்ள நூல் கடையின் தயவில் இருப்பது என்று அறிந்தே வாங்குக. உரிமையை மீறும் நோக்குடன் மின்பூட்டை உடைப்பது, 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவின்படி தண்டனைக்குரியது. மிக வேண்டிய நூலுக்கு அச்சுப் படியே சிறந்த மறு படி.

3. நாமே படம்பிடித்தவை. தாத்தாவின் கையெழுத்துப் பிரதி, ஊர்த் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், மறுபதிப்புக் காணாத சிறு நூல் ஆகியவை இவ்வகையின. உலகில் இவற்றின் ஒரே மின்படி நம்மிடம் இருப்பதாக இருக்கலாம். 3-2-1 விதி முழுமையாக வேண்டுவது இவற்றுக்கே.

மூன்றாம் வகைக்குச் செய்ய வேண்டியது எளிது. மூலப் படி கணிப்பொறியில் இருக்கட்டும். இரண்டாம் படி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில், தரைத்தளத்தில் அல்லாமல் மேல் அலமாரியில், ஈரம் புகாத உறையில் இருக்கட்டும். மூன்றாம் படி மேகத்தில் இருக்கட்டும். கூகுள் டிரைவில் 15 கிகாபைட் வரை கட்டணம் இல்லை. மேகத்தை விரும்பாதவர், திருச்சியிலோ கோவையிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு டிஸ்க்கை வைக்கலாம். ஆவடியில் இருப்பவர் அம்பத்தூர் அண்ணன் வீட்டில் வைப்பது போதாது. ஒரே புயல் இரண்டு வீட்டுக்கும் வரும். கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, குடும்பத்தில் ஒருவருக்கேனும் சொல்லிவைக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு நாள்

எடுத்து வைத்த படியைத் திறந்து பார்க்காதவரை அது படிதானா என்பது உறுதியில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்து, சில நூல்களைத் திறந்து படித்து, புதியவற்றைச் சேர்க்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை டிஸ்க்கையே மாற்றிவிடுவது நல்லது.

இதற்கு நம் நாட்காட்டியில் பொருத்தமான நாள் ஒன்று உண்டு. சரசுவதி பூசையன்று நூல்களைப் பூசையில் வைத்து, மறுநாள் விசயதசமியன்று எடுத்துப் படிப்பது நம் வழக்கம். அது செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ வரும். வடகிழக்குப் பருவமழை அதைத் தொடர்ந்து வரும். வெள்ளத்தைக் கொண்டுவரும் மாதங்களுக்குச் சற்று முன்னதாக நூல்களைத் துடைத்து அடுக்கும் அந்த நாளிலேயே, ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துத் திறந்து பார்த்தால் என்ன?

வீட்டுப் படி நமக்கு உடைமையைத் தருகிறது. மேகப் படி தொலைவைத் தருகிறது. உடைமையும் வேண்டும், தொலைவும் வேண்டும். ஒன்றை ஒன்று அழிக்காத இரண்டு இடங்களில் இருக்கும் நூலே நம் பேரப்பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரும்.